இறக்கச் சொல்லாத கொடி

அறுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை பிறந்த பிறகு முதன்முதலாக வெயில் எட்டிப் பார்த்த நாளில், அஸ்மத் கடலூர் முதுநகரிலிருந்து புவனகிரிக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தது மாமாவின் வேனில். பின்னால் முழுக்கப் பூச்சி மருந்து டின்கள். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில், மடியில் அம்மா செய்து கொடுத்த தம்ரூட் அல்வா டப்பாவுடன் அவள். நெய் மணமும் மருந்து நெடியும் கலந்து வழியெல்லாம் குமட்டியது. கல்யாணமான பிறகு புருஷனோடு இருந்த நாட்களைவிட அவனுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் அதிகம். ஏரோப்ளேன் ஓட்டுகிற மாப்பிள்ளை என்று தெருவே கொண்டாடியது. ஓட்டிக்கொண்டே இருப்பான், வீட்டுக்கு வரமாட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"நானும் வர்றேன். சமைச்சாவது போடுறேன்" என்று அடம்பிடித்து வந்திருந்தாள்.

அவளுடைய தாய்மாமா அபுல் ஹசன், சம்பா நெல்லுக்கு விமானத்தில் மருந்து தெளிக்கும் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். புவனகிரியிலிருந்து வெள்ளாற்றங்கரை வரை குருத்துப்பூச்சி பரவியிருந்தது. விமானம் ஓட்ட வந்தவன் அவள் கணவன் முஹம்மது இஸ்மாயில்.

வேன் நின்ற இடத்தில் ஒரு பழைய மாடி பங்களா. சுற்றிலும் நெல் வயல். தெற்கே வயல்கள் முடிகிற இடத்தில் வெள்ளாற்றின் உயரமான கரை, அதன்மேல் சில பனைமரங்கள். பங்களாவுக்கு வடக்கே பொட்டலைச் சமன் செய்து விமானம் இறங்க ஒரு பாதை. அங்கே தார்ப்பாய் போர்த்திய சின்ன மஞ்சள் விமானம், மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றது.

சுவர்களில் பாசி. கதவைத் திறந்ததும் ஈரமும் மருந்து நெடியும் சேர்ந்து முகத்தில் அடித்தன.

"வீடா மச்சான் இது? மருந்துக் கடை மாதிரி நாறுது."

"கொல்லைக் கொட்டாயிலதான் டின்னெல்லாம் அடுக்குறோம். ரெண்டு நாள்ல பழகிடும். மாடிக்கு வா, ஒண்ணு காட்டுறேன்" என்று இஸ்மாயில் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான்.

மாடியில் காற்று சுத்தமாக இருந்தது. அவன் தெற்கே கை நீட்டினான். ஆற்றுக்கு அப்பால், பச்சைக்கு மேலே, சாம்பல் நிறத்தில் சிதம்பரம் கோபுரங்கள்.

"எத்தனை தெரியுது?"

"நாலு."

"நாலும் தெரிஞ்சா பறப்பேன். ரெண்டு தெரிஞ்சா டீ குடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒண்ணுமே தெரியலைன்னா இழுத்துப் போத்திக்கிட்டு உன் பக்கத்துலயே படுத்துடுவேன்."

"அப்ப ஒண்ணும் தெரியாமலே இருக்கட்டும்."

"உங்க மாமா என் தோலை உரிச்சிடுவாரு புள்ள."

அவள் சிரித்தாள். பிறகு ஏன் அப்படி ஒரு கணக்கு என்று கேட்டாள்.

அவன் விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னான். "இந்த வண்டிக்குக் கண்ணு நான்தான். பெரிய ஏரோப்ளேன்ல இருக்கற கருவியெல்லாம் இதுல கெடையாது. மேகத்துக்குள்ள பூந்துட்டா மேல எது கீழ எதுன்னு தெரியாது. நேராப் போறோம்னு நெனச்சிக்கிட்டிருப்போம், அது சாஞ்சிக்கிட்டே கீழே போகும். நம்ம ஒடம்பே நமக்குப் பொய் சொல்லும்."

"அல்லாவே. பேசாம வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்ல."

"அதான் கொடி இருக்குல்ல."

வயலின் இரண்டு தலைப்பிலும் ஒவ்வொரு ஆள், மூங்கில் கம்பில் வெள்ளைக் கொடி கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடியைக் குறிவைத்து விமானம் தாழப் பறந்து மருந்து தெளிக்கும். தலைக்கு மேலே தாண்டியதும் ஆள் சற்றுத் தள்ளிப் போய் நிற்பான். தன் பக்கம் மழை வந்துவிட்டால் கொடியை உடனே இறக்கிவிட வேண்டும்.

"கொடி நின்னா அங்க வானம் நல்லா இருக்குன்னு அர்த்தம். அதை நம்பித்தான் போறேன். மத்தபடி வெள்ளைத்துணி எதையும் யாரும் ஆட்டக் கூடாது. ஒன் துப்பட்டியும் சேத்துத்தான்."

வெளியே கிளம்பினால் தலையிலிருந்து கால்வரை சுற்றிக்கொள்ளும் தன் வெள்ளைத் துப்பட்டியை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு டாட்டா காட்டக்கூட முடியாதா?"

"கையைக் காட்டு. போதும்."

அன்று அது அவளுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

*

வேடிக்கை சீக்கிரம் தீர்ந்துபோனது.

காலையில் நான்கு கோபுரம் தெரியும். அவன் கிளம்புவான். கடல் பக்கமிருந்து இருட்டு வரும். திரும்பிவிடுவான். துணி காயாது, விறகு எரியாது, நெல்லில் பூச்சி மட்டும் நன்றாக வளர்ந்தது. அபுல் ஹசன் மாமா புவனகிரி தபாலாபீசுக்கு தினமும் போன் போட்டு, வேலை முடிந்ததா என்று கேட்டுவர பங்களாவுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பங்களாவுக்கும் அதைச் சுற்றிய நிலத்துக்கும் சொந்தக்காரர் தேவநாதன், சிதம்பரம் கீழவீதியில் இருப்பவர், காரில் வந்து "என்ன பாய், வானத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா பூச்சி செத்துடுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு முற்பகல் இஸ்மாயில் இறங்கிய வேகத்தில் ஹெல்மெட்டைக் கயிற்றுக் கட்டிலில் வீசினான்.

"கரையோரத்து வயல்ல யாருய்யா நின்னது?"

கொடிக்காரர்கள் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க தூத்தல் போட்டதுமே எறக்கிட்டு வந்துட்டோமேங்க."

"பொய் சொல்லாதீங்க. கரை மேல கொடி நின்னுது. அத நம்பி நான் உள்ள போயிட்டேன். ரெண்டு பக்கமும் வெள்ளையா மூடிக்கிச்சி. பனைமரம் றெக்கைக்குக் கீழ போவுது! செத்திருப்பேன்."

கொடிக் கம்புகள் எல்லாம் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தன.

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. நடந்ததை அவனால் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "கண்ணு ஏமாத்தியிருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டான். அஸ்மத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. கண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஒரு வண்டியில் போகிறவன், கண் ஏமாற்றியது என்று இவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே.

மறுநாள் மழை. கோபுரம் ஒன்றுகூட இல்லை. இஸ்மாயில் பெட்ரோல் டிரம் வாங்கச் சிதம்பரம் போயிருந்தான். பகலிலேயே வீடு மங்கிக் கிடந்தது. மாடியில் மறந்துவிட்ட தலையணை உறைகளை எடுக்க அஸ்மத் படியேறினாள்.

கடைசிப் படியில் அந்தச் சத்தம் கேட்டது.

பட்.

நனைந்த கனத்த துணி காற்றில் அடித்துக்கொள்கிற சத்தம்.

பட். பட்.

தலையணை உறைதான் என்று நினைத்தாள். உறைகள் தரையில் விழுந்து சேற்றுத் தண்ணீரில் அசையாமல் கிடந்தன. காற்றே இல்லை. மழை நூல் பிடித்தாற்போல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

தெற்கே பார்த்தாள்.

ஆற்றங்கரை மழையில் பாதி கரைந்திருந்தது. அதன்மேல் ஒரு வெள்ளை. மெல்ல இடதுபுறம் சாய்ந்தது. நின்றது. மெல்ல வலதுபுறம் சாய்ந்தது. கொடிக்காரர்கள் விமானத்தைக் கூப்பிடும்போது ஆட்டுகிற அதே நிதானம்.

கம்பைப் பிடித்திருந்த ஆள் தெரியவில்லை. கம்பும் தெரியவில்லை. வெள்ளை மட்டும்.

மருந்து நெடி தொண்டையை அடைத்தது. கீழே கொட்டகையிலிருந்து வரவில்லை அது. தெற்கேயிருந்து வந்தது.

பட்.

அவ்வளவு தூரத்துச் சத்தம், காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

*

சமையலறையில் ராசம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வீட்டு வேலைக்குத் தேவநாதன் அனுப்பிவைத்த பெண். அதிகம் பேசமாட்டாள். அஸ்மத் வெளிறிப்போய் வந்து நின்றதைப் பார்த்து ஊதாங்குழலைக் கீழே வைத்தாள்.

"பாத்துட்டியாம்மா?"

"நீங்களும் பாத்திருக்கீங்களா?"

"மழ பேஞ்சா நிக்கிறாரு. தூத்தலா இருந்தாலும் நிக்கிறாரு. போன வருசத்துலேருந்து நிக்கிறாரு." ராசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புகையா அழுகையா என்று தெரியவில்லை. "எங்க வூட்டுக்காரரும்மா அது. கொளஞ்சியப்பன்."

போன வருஷம் விமானம் ஓட்ட வந்தவர் லூர்துசாமி என்பவர். அவரும் இஸ்மாயில் மாதிரியே சொல்லியிருந்தார், மழை வந்தால் கொடியை இறக்கு என்று. கொளஞ்சியப்பன் அப்படித்தான் ஒருநாள் தூறலுக்கு இறக்கினான். பார்த்துக்கொண்டிருந்த தேவநாதன், அத்தனை பேர் முன்னால் அவனை நிற்க வைத்துப் பேசினார்.

"உன்ன யாருடா எறக்கச் சொன்னது, ஏரோப்ளேன் உங்கப்பன் வூட்டுதா, நான் சொல்ற வரைக்கும் எறக்கக் கூடாதுன்னாரு. நாங்க அவுரு நெலத்துல குடியிருக்கறவங்க. இவுரு சரிங்கய்யான்னுட்டாரு. மறாநாளு அடமழ வந்துச்சி. எல்லாரும் வந்துட்டாங்க. ஐயாவும் கார்ல ஏறிப் போயிட்டாரு. இவுரு மட்டும் நின்னாரு."

"யாருமே போய்ச் சொல்லலையா?"

"சொல்ல வேண்டியவரு சொல்லலியேம்மா."

கொடி நின்றதால் அந்தப் பக்கம் வானம் வெளுத்திருக்கிறது என்று நம்பி லூர்துசாமி மழைக்குள் புகுந்தார். விமானம் கரைமேல் மோதியது. இருவருமே போய்விட்டார்கள். கொளஞ்சியப்பன் கையிலிருந்து கம்பை எடுக்க முடியாமல், கம்போடுதான் புதைத்தார்களாம்.

"நான் போயிக் கெஞ்சினேம்மா. யோவ், எல்லாம் முடிஞ்சிபோச்சி, எறக்கிட்டு வூட்டுக்கு வாய்யான்னு. நான் சொன்னா கேப்பாரா? நானா எறக்கக் கூடாதுன்னு சொன்னேன்?"

அஸ்மத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தாள். கடலூருக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் லைன் கிடைத்தது.

"மாமா, இங்க ஒரு கொடி நிக்குது மாமா."

"என்னா? அலோ? கொடியா? கொடித்துணி பத்தலையா?"

"இல்ல மாமா! யாரும் புடிக்காத கொடி! மச்சானைப் பறக்க வேணாம்னு சொல்லுங்க!"

"அலோ? பத்து கஜம் அனுப்புறேன். மாப்பிள்ளைய இந்த வாரத்துக்குள்ள முடிக்கச் சொல்லும்மா. எனக்குத் தலை ஜாஸ்தி வலிக்குது."

லைன் போய்விட்டது. ரிசீவரை அறைந்து வைத்தாள். தபாலாபீஸ்காரர் முறைத்தார்.

இஸ்மாயில் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அவள் தலையைத் தடவினான். "சரி சரி. அந்தக் கரையோரத்து வயல் ஒண்ணுதான் பாக்கி. நாலு கோபுரமும் தெரியிற அன்னைக்கு முடிச்சிட்டுக் கெளம்பிடலாம்."

"அந்த வயல் வேணாம்னு சொல்றேன்."

"மாமாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"நான் தாலி அறுத்தா யாரு பதில் சொல்றது?"

"சரி சரி" என்றான் மறுபடி. அந்த 'சரி சரி'யைக் கேட்டால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

*

நான்கு கோபுரமும் பளிச்சென்று தெரிந்த காலை அது. பிடித்து நிறுத்த அவளிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. விமானம் கிளம்பியது. தன் வயலுக்கு மருந்து அடிப்பதைப் பார்க்கத் தேவநாதனும் வந்துவிட்டார். கறுப்புக் குடையும் அங்கவஸ்திரமுமாகக் கீழே தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ராசம்மாள் கொடுத்த காபியைக் குடித்தார்.

அஸ்மத் மாடியில் நின்றாள். விமானம் வடக்கும் தெற்குமாகப் போய்வந்தது. கரைமேல் கொடி பிடித்திருந்த ஆளை அவளால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. உயிருள்ள ஆள். நீலக் கட்டம் போட்ட லுங்கி. நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

பிறகு கிழக்குக் கோபுரத்தைக் காணவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தெற்குக் கோபுரம் சாம்பலாகி, புகையாகி, இல்லாமல் போனது.

மூன்றாவது போனது.

கடலிலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் வயலுக்கு மேலே ஓடி வந்துகொண்டிருந்தது. நான்காவது கோபுரமும் அதற்குள் போனது.

அவள் படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். அதற்குள் நீலக் கட்டம் லுங்கிக்காரன் நனைந்துகொண்டே ஓடி வந்து தாழ்வாரத்தில் ஏறினான். தோளில் கம்பு, அதில் சுற்றிய கொடி. "எறக்கிட்டேம்மா! மழை தெரிஞ்சதுமே எறக்கிட்டேன். பயப்படாதீங்க, அவரு திரும்பிடுவாரு."

அவன் தோளுக்கு மேலே அவள் கரையைப் பார்த்தாள்.

கொடி நின்றது.

இடதுபுறம் சாய்ந்தது. நின்றது. வலதுபுறம் சாய்ந்தது.

லுங்கிக்காரன் திரும்பிப் பார்த்தான். கம்பு அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

வடக்கே, விமானம் திரும்புகிற சத்தம் கேட்டது.

"ஐயா" என்று அஸ்மத் தேவநாதனிடம் ஓடினாள். "ஐயா, வந்து எறக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் எறக்குவாரு."

"யார்ரா அது கரை மேல?" தேவநாதன் எழுந்துவிட்டார். குரல் அதட்டலாகத்தான் இருந்தது.

"தெரியாதாய்யா?" என்றாள் ராசம்மாள். "ஒங்க ஆளுதான்."

"அவனுக்கே அறிவு வேணாமா? மழை பெய்யிறது தெரியலியா? அன்னைக்கு நான் சொல்லி அனுப்பிச்சேன். யாருகிட்டயோ சொல்லித்தான் அனுப்பிச்சேன்..."

"யாருகிட்டய்யா?"

ராசம்மாள் அவருடைய அங்கவஸ்திரத்தைப் பிடித்தாள். அவர் நிலத்தில் குடியிருக்கிற பெண், அவரைத் தொட்டு இழுத்தாள். மழைக்குள் இழுத்துக்கொண்டு ஓடினாள். அஸ்மத் முன்னால் ஓடினாள்.

வரப்பு வழுக்கியது. மழை கண்ணைக் குத்தியது. மருந்து நெடி நெஞ்சுக்குள் இறங்கி எரிந்தது. கரை ஓடி ஓடியும் கிட்டே வராதது போல இருந்தது.

பட். பட். பட்.

பின்னால் எஞ்சின் சத்தம் நேராக அவர்களைப் பார்த்து வந்தது.

தலைக்கு மேலே வெண்மையைத் தவிர எதுவும் இல்லை. அதற்குள் எங்கேயோ அவள் கணவன், அந்தக் கொடியை நம்பி, இங்கே வானம் நன்றாக இருக்கிறது என்று நம்பி வந்துகொண்டிருந்தான். போ, திரும்பிப் போ என்று சொல்ல அவள் இரண்டு கையையும் தூக்கினாள்.

"யம்மா! வெள்ளைய ஆட்டாத! வெள்ளையக் கழட்டு!" ராசம்மாளின் அலறல்.

அஸ்மத் குனிந்து தன்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை. நனைந்து, விரிந்து, வயல் நடுவே அவளே ஒரு கொடியாக நின்றுகொண்டிருந்தாள்.

அந்நிய ஆண் முன்னால் தலைத்துணி நழுவியதே இல்லை அவளுக்கு. இப்போது துப்பட்டியை உருவிச் சேற்றில் எறிந்தாள். காலால் மிதித்தாள். வெள்ளை மறையும்வரை மிதித்தாள். மிதித்துக்கொண்டே கத்தினாள். "சொல்லுங்கய்யா! ஒரு வார்த்தை! சொல்லித் தொலைங்கய்யா!"

தேவநாதன் கரைக்குக் கீழே நின்றார். அண்ணாந்து பார்த்தார். மேலே, மழைக்குள், கம்பைப் பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவை ஊறி வெளுத்திருந்தன. மிகப் பணிவாகப் பிடித்திருந்தன.

அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. எஞ்சின் சத்தம் மண்ணையே அதிர வைத்தது.

"எறக்குடா!" என்று கடைசியில் வீறிட்டார். "எறக்கித் தொலைடா! பங்களாவுல போயி நில்லு, நான் வந்து சொல்ற வரைக்கும் அங்கயே நில்லு, போடா!"

கொடி இறங்கியது.

மடிக்கிறவன் மடிக்கிற மாதிரி, ஒழுங்காக, மெதுவாக இறங்கியது.

அவர்கள் தலைக்கு மேலே மஞ்சளாக ஏதோ ஒன்று மழையைக் கிழித்துக்கொண்டு நிமிர்ந்தது. பனை ஓலைகள் முறிந்து விழுந்தன. சத்தம் மேலேறி, மேற்கே திரும்பி, தேய்ந்து போனது.

*

மேற்கே வெளுத்திருந்த வானத்தில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, மழை விட்டதும் இஸ்மாயில் பத்திரமாக வந்து இறங்கினான். சேறு அப்பிய மனைவியை விமானத்துக்குப் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கக் கட்டிக்கொண்டான்.

"கொடி எறங்குச்சி புள்ள. அது எறங்கினதாலதான் மேல இழுத்தேன். எந்தப் புண்ணியவான் எறக்கினான்? அவனுக்கு நல்ல வேட்டி எடுத்துக் கொடுக்கணும்."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பங்களாவுக்குத் திரும்பியபோது ராசம்மாள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். படிகளில் ஈரமான காலடிகள், சேறு படிந்தவை, மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வந்தவை இல்லை.

"வூட்டுக்குப் போன்னு ஒரு வார்த்த சொன்னாரா பாத்தியாம்மா?" என்றாள். "இங்க போயி நில்லுன்னுட்டாரே. வந்து சொல்ற வரைக்கும் நில்லுன்னுட்டாரே."

மேலே, மூடிய மாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நனைந்த துணி ஒருமுறை அடித்துக்கொண்டது.

மறுநாள் அஸ்மத்தும் ராசம்மாளும் பஸ் ஏறிச் சிதம்பரம் கீழவீதிக்குப் போனார்கள். தேவநாதன் ஊஞ்சலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை பங்களாவுக்கு வந்து, 'வூட்டுக்குப் போ' என்று அவனிடம் சொல்லிவிட்டால் போதும் என்றார்கள்.

"எங்க வரணும்? யாருகிட்ட சொல்லணும்?"

"நேத்து நீங்கதானேய்யா..."

"நேத்து நான் வூட்டை விட்டே எறங்கல. காய்ச்சல்ல படுத்திருந்தேன்." அவர் அஸ்மத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. "பாய் வூட்டம்மா, ஒங்க வேலை முடிஞ்சிடிச்சில்ல? ஊருக்குக் கெளம்புங்க."

சேறு காயாத அவர் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதைக் காட்டி அஸ்மத் கத்தினாள், கெஞ்சினாள், மறுபடி கத்தினாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். ராசம்மாள் மட்டும் அந்தச் செருப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நல்ல வெயில் நாளில் சாமான்களை வேனில் ஏற்றினார்கள். மாடிக் கதவை அஸ்மத் தன் கையால் பூட்டினாள். விமானத்தை மெட்ராசுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு ரயிலில் கடலூர் வந்துவிடுவதாக இஸ்மாயில் சொன்னான். நான்கு கோபுரமும் தெரிந்தன. விமானம் பங்களாவை ஒருமுறை சுற்றி, இறக்கைகளை ஆட்டிவிட்டு வடக்கே போனது. முற்றத்தில் நின்று அவள் வெறுங்கையை ஆட்டினாள்.

அவன் முதுநகர் வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அபுல் ஹசன் மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"அடுத்த வருஷமும் அதே பங்களாதான் மாப்பிள்ளை. தேவநாதன் வாடகையே வேணாம்னுட்டாரு. அந்தப் பக்கமே அவரு வரமாட்டாராம். சாவி நம்மகிட்டயே இருக்கட்டும்னாரு. தங்கமான மனுஷன்."

அஸ்மத் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "மாமா, அந்த வூடு வேணாம்."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் மாமா.

இஸ்மாயில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தான். "நீ முத்தத்துல நின்னு கை ஆட்டினது நல்லாத் தெரிஞ்சுது புள்ள. ஆனா ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். மாடியில கொடி புடிச்சிக்கிட்டு ஒருத்தரு நின்னாரே, அவரை யாரு ஏத்திவிட்டது?"

அவள் தட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் தலைக்கு மேல தாண்டிப் போயும் எறக்கவே இல்ல. திரும்பித் திரும்பிப் பாத்தேன். கண்ணுக்கு மறையற வரைக்கும் தூக்கிப் புடிச்சிக்கிட்டேதான் நின்னாரு."